பெரிய வாரத்தில் கிரேக்கம்: ஏதென்ஸ் முதல் லெயோனிதியோ வரை

ஒவ்வொரு நாள் இரவிலும் குறிப்பேட்டில் எழுதியவற்றை, ஊர் திரும்பிய களைப்பு தீர்ந்தபின் சீர்படுத்தித் தேதிவாரியாக இங்கே இடுகிறேன். கிரேக்க எழுத்துகளையும் அடிப்படை இலக்கணத்தையும் சென்னையிலேயே பாடநூலின் துணையோடு படித்திருந்தேன். எந்த நேரத்தில், எந்த வாசலில், யாரிடம் எதைச் சொல்வது என்பதைக் கற்கவே கிரேக்க நாட்டின் ஈஸ்டர் காலத்தை, குறிப்பாக ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தை, அதாவது புனித வாரத்தை, தேர்ந்தெடுத்தேன்.

ஏப்ரல் 23, 2024, செவ்வாய், ஏதென்ஸ்

நான் வந்து இறங்கிய நாளில் ஏதென்ஸின் வானம் முழுவதும் ஆரஞ்சு நிறமாக இருந்தது. சகாராப் பாலைவனத்திலிருந்து தென்காற்று அள்ளிக்கொண்டு வந்த தூசு நகரத்தையே மூடியிருந்ததால், அக்ரோபோலிஸ் குன்று மாலையில் ஒரு மங்கிய நிழலாகத்தான் தெரிந்தது. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வெளியே வர வேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். கிப்ஸெலி பகுதியில் நான் தங்கிய வீட்டின் உரிமையாளரான அம்மையார் கதவைத் திறந்ததும், வணக்கத்துக்கு அடுத்தபடியாகச் சொன்னது "ஆஃப்ரிகானிகி ஸ்கோனி" என்பதுதான். ஆப்பிரிக்கத் தூசு என்று பொருள். ரொட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் அன்று முழுவதும் காதில் விழுந்தது அதே தொடர்தான் என்பதால், இந்தப் பயணத்தில் என் நாவில் முதலில் படிந்தது இதுவாகவே ஆயிற்று.

தூசு எனக்கு இருமலைக் கொடுத்தது. மருந்துக்கடையில் வரிசையில் நின்று இருமியபோது, எனக்கு முன்னால் நின்ற முதியவர் திரும்பிப் பார்த்து "பெராஸ்திகா" என்றார். கடைக்காரப் பெண்ணும் மருந்தைக் கொடுத்துவிட்டு அதையே சொன்னார். சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்தும் சொல் அது. நோயாளியைக் கண்டால் அதைச் சொல்லாமல் கடந்துபோவது இங்கே மரியாதைக் குறைவு என்று வீட்டு அம்மையார் பிறகு விளக்கினார். முன்பின் அறியாத இருவர் எனக்காக அதைச் சொன்னது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது.

ஏப்ரல் 25, வியாழன், ஏதென்ஸ்

வானம் தெளிந்துவிட்டது. காலை முழுவதும் ஒரு பழைய கஃபெனியோவில், அதாவது முதியவர்கள் கூடும் காப்பிக்கடையில், உட்கார்ந்திருந்தேன். கிரேக்கக் காப்பியைக் காப்பித் தூளும் சர்க்கரையும் நீரும் சேர்த்து ப்ரிகி என்னும் நீண்ட கைப்பிடி வைத்த சிறு பாத்திரத்தில் ஒன்றாகவே கொதிக்க வைக்கிறார்கள். பிறகு சர்க்கரை சேர்ப்பதில்லை. ஆகவே கேட்கும்போதே அளவைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை இல்லாதது ஸ்கேதோ, நடுத்தரம் மேத்ரியோ, இனிப்பானது க்லிகோ. என் மேத்ரியோவோடு கேட்காமலேயே ஒரு குவளைத் தண்ணீரும் வந்தது. விலை இரண்டு யூரோ. அடியில் படிந்த வண்டலைக் குடிக்காமல் விட்டுவிட வேண்டும் என்பதைப் பக்கத்து மேசைக்காரர் கையசைத்துக் காட்டினார். ஒரே காப்பியோடு இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தும் யாரும் எழச் சொல்லவில்லை.

உட்கார்ந்து கேட்கக் கேட்க ஒன்று புலனாயிற்று. அன்போடு பேசுகிறவர்கள் பெயர்ச்சொற்களின் பின்னால் "ஆகி" என்னும் விகுதியைச் சேர்க்கிறார்கள். காஃபே என்பது கஃபெதாகி ஆகிறது, நெரோ என்னும் தண்ணீர் நெராகி ஆகிறது, காத்திருக்கச் சொல்லும்போது நிமிடம்கூட லெப்தாகி ஆகிவிடுகிறது. சிறியது என்பதைக் குறிக்கும் விகுதி என்றே பாடநூலில் படித்திருந்தேன். ஆனால் கடையில் அது கெஞ்சலாகவும் உபசாரமாகவும் மன்னிப்பாகவும் வேலை செய்கிறது. இளைஞர் ஒருவர் முதியவரிடம் பன்மையில் பேசினார். முதியவர் அவரிடம் ஒருமையில் மறுமொழி சொன்னார். நீ, நீங்கள் என்று பிரித்துப் பழகிய நமக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபட்டுவிடுகிறது.

தலையசைப்புதான் என்னை அலைக்கழித்தது. ஆம் என்பதற்கு "நே" என்கிறார்கள். இல்லை என்பதற்குப் பலர் வாயே திறப்பதில்லை. புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, நாக்கால் ஒரு சிறு ஒலி எழுப்புவதோடு சரி. ரொட்டிக்கடையில் எள் ஒட்டிய வளைய ரொட்டியான குலூரி இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்தப் பெண் புருவத்தை உயர்த்தியபோது, தேடிப் பார்க்கிறார் என்று எண்ணிக் காத்துக்கொண்டு நின்றேன். அவர் பொறுமையோடு இரண்டாம் முறை "ஓஹி" என்று வாய்விட்டுச் சொல்லி, மறுநாள் காலை எட்டு மணிக்குள் வரும்படி கையால் காட்டினார்.

இரவில் வீட்டு அம்மையார் என் உச்சரிப்பைத் திருத்த உட்கார்ந்தார். தமிழ் பேசுகிறவர்களுக்குக் கிரேக்க ஒலிகளில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. அதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. நாம் "அது" என்று சொல்லும்போது தகரம் உரசலாக மெலிகிறதே, அந்த ஒலிதான் கிரேக்கத்தின் தெல்தா. "பகல்" என்பதில் வரும் மெலிந்த ககரத்துக்கு மிக அருகில் இருப்பது அவர்களுடைய காமா. இன்னும் வியப்பானது மெல்லினத்தை அடுத்த வல்லினம். அம்பு, பந்து, தங்கம் என்று எழுதி, வல்லினத்தை அதிரும் ஒலியாகப் படிக்கிறோம் அல்லவா? கிரேக்கர்களும் அப்படியே மகரத்தையும் பகரத்தையும், னகரத்தையும் தகரத்தையும் அடுத்தடுத்து எழுதி அதிரும் ஒலிகளைப் பெறுகிறார்கள். இரு சொற்கள் சேரும்போதும் இதே புணர்ச்சி நடக்கிறது. "தொன்" என்னும் சுட்டுக்குப் பின் தந்தையைக் குறிக்கும் "பதேரா" வந்தால், பேச்சில் அது தொம்பதேரா என்று, அம்பு என்பதில் உள்ள அதே பகர ஒலியோடு வருகிறது. நான் இதை இயல்பாகச் சொன்னதைக் கேட்டு அம்மையார் கைதட்டினார். நாக்கைப் பற்களுக்கிடையே வைத்து எழுப்ப வேண்டிய தீத்தா என்னும் ஒலிதான் எனக்கு வசப்படவில்லை. கடலைக் குறிக்கும் தாலஸா என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

ஏப்ரல் 27, லாசர் சனி, ஏதென்ஸ்

எக்ஸார்ஹியா பகுதியின் கலித்ரோமியு தெருவில் சனிதோறும் கூடும் லாய்கி, அதாவது தெருச்சந்தை, ஏதென்ஸில் நான் கண்ட இடங்களிலேயே மிகச் சிறந்த வகுப்பறை. மேட்டுத் தெருவின் இருபுறமும் எலுமிச்சை, கூனைப்பூ, மலையிலிருந்து பறித்த கீரைகள், ஆலிவ் காய்கள். விற்பவர்கள் "எலா, எலா" என்று கூவி அழைக்கிறார்கள். ஸ்ட்ராபெரிகளைக் கிலோ மூன்று யூரோ என்று தொடங்கி, நண்பகல் நெருங்க நெருங்க விலையைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். எண்களைக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை. அட்டையில் எழுதிய விலையைப் படிப்பதும், கூவும் விலையைக் கேட்பதும், சில்லறையை எண்ணி வாங்குவதும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன.

நான் இறைச்சியும் மீனும் உண்ணாதவள். ஐரோப்பாவில் இது பெரும்பாலும் சங்கடமாகவே முடியும். தவக்காலத்துக் கிரேக்கத்தில் அந்தச் சங்கடத்தையே நான் காணவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் நோன்பிருப்பவர்கள் இறைச்சி, பால், முட்டை, மீன் ஆகியவற்றைத் தவிர்க்கிறார்கள். கணவாய், இறால் போன்றவற்றுக்கு மட்டும் தடையில்லை. இதனால் ஒவ்வொரு ரொட்டிக்கடையிலும் உணவகத்திலும் "நிஸ்தீசிமோ" என்று எழுதிய நோன்பு உணவு வரிசை ஒன்று இருக்கிறது. "இனே நிஸ்தீசிமோ?" என்று கேட்டுவிட்டு, இறால், கணவாய் இல்லைதானே என்று மட்டும் உறுதி செய்துகொண்டேன். தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, கீரையும் அரிசியும் எலுமிச்சையும் சேர்ந்த ஸ்பானகோரிஸோ, எள் அல்வா என்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். நோன்புக் கேள்வியைக் கேட்கும் வெளிநாட்டுப் பெண்ணைக் கண்டு பலரும் முகம் மலர்ந்தார்கள். சமய வழக்கத்தோடு ஒட்டிய ஒரு கேள்வி அந்நியரையும் வீட்டு மனிதராக்கிவிடுகிறது என்பதை அன்று பலமுறை கண்டேன்.

இன்று, இறந்த லாசரை இயேசு உயிர்ப்பித்த நாள். அம்மையார் லாசராகியா என்னும் சிறு ரொட்டி மனிதர்களைச் சுட்டார். கைகளைக் குறுக்கே மடித்து வைத்த உருவம், கண்களுக்குக் கிராம்பு. பாலும் முட்டையும் சேர்க்காத, பட்டை மணக்கும் மாவு. பிசைவதற்கு உதவிய நான், உண்டு முடித்ததும் "யா ஸ்தா ஹெரியா ஸாஸ்" என்றேன். உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும் என்று சமைத்தவரிடம் சொல்லும் வாழ்த்து இது. முந்தைய நாள் ஓர் உணவகத்தில் கேட்டுக் குறித்து வைத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு லாசரை என் தட்டில் வைத்தார்.

ஏப்ரல் 28, குருத்து ஞாயிறு, ஏதென்ஸ்

கோவில்களில் குருத்தோலையிலும் பிரிஞ்சி இலை போன்ற லாரல் இலையிலும் முடைந்த சிலுவைகளைக் கொடுத்தார்கள். நோன்புக் காலத்திலும் மீன் உண்ணலாம் என்ற நாள் என்பதால் தெருவெங்கும் மீன் பொரிக்கும் மணம். எனக்குக் கால் வலி, மாலையே படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 30, பெரிய செவ்வாய், ஏதென்ஸ்

இந்த வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் "மெகாலி" என்ற அடைமொழி உண்டு: பெரிய திங்கள், பெரிய செவ்வாய் என்று. நாமும் பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்றே சொல்கிறோம் என்று அம்மையாரிடம் கூறியபோது, தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுத் தொடங்கியவர், வேளாங்கண்ணி வரை என்னைப் பேச வைத்துவிட்டார். என் கிரேக்கம் அவ்வளவு தூரம் நீளும் என்று நானே எண்ணியிருக்கவில்லை.

இரவு வழிபாட்டில் காசியானி பாடிய பாடலைக் கேட்கச் சென்றோம். காசியானி 9ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் வாழ்ந்த துறவி. பாவி என்று ஒதுக்கப்பட்ட பெண்ணின் குரலில் அவர் இயற்றிய இப்பாடலை ஆண்டுக்கு ஒருமுறை இந்த இரவில் பாடுகிறார்கள். கோவிலுக்கு எப்போதோ வருகிறவர்கள்கூட இதற்கு வந்துவிடுவதால் வாசற்படி வரை கூட்டம். மெழுகுவத்தி ஒன்றுக்கு ஐம்பது சென்ட் போட்டுவிட்டுத் தூணோரம் நின்றேன். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பள்ளி மாணவிக்கும் பாதிக்குமேல் புரியவில்லை என்றே அவள் சொன்னாள்.

காரணம் இருக்கிறது. வழிபாட்டின் மொழி பழைய கிரேக்கம். தெருவின் மொழி திமோதிகி என்னும் மக்கள் கிரேக்கம். இரண்டுக்கும் நடுவே, பழமையைப் பின்பற்றிச் செப்பனிட்ட காதரெவூஸா என்னும் எழுத்துமொழி நெடுங்காலம் அரசாங்கத்தையும் பள்ளியையும் ஆண்டது. 1901இல் மத்தேயு நற்செய்தியை மக்கள் மொழியில் பெயர்த்து ஒரு நாளிதழ் வெளியிட்டபோது ஏதென்ஸில் கலவரம் மூண்டு எட்டுப் பேர் இறந்தார்கள். பேராயர் பதவி விலகினார், அரசும் கவிழ்ந்தது. 1976இல்தான் மக்கள் மொழி கல்விக்கும் ஆட்சிக்கும் உரிய மொழியாயிற்று. 1982இல் எழுத்துகளின் மேலிருந்த பழைய குறிகளைக் களைந்து ஒரே அழுத்தக் குறியை வைத்துக்கொண்டார்கள். அம்மையார் காதரெவூஸாவில் பாடம் படித்தவர். அவருடைய மகள் அதைப் படித்ததே இல்லை. செந்தமிழ், பேச்சுத்தமிழ் என்று இரு நடைகளோடு வாழும் எனக்கு இந்த வரலாறு மிக நெருக்கமாக இருந்தது. மொழியின் உயர் நடைக்காக உயிரிழப்பு வரை போயிருக்கிறார்கள் என்பது மட்டும் நெஞ்சைப் பிசைந்தது. வீடு திரும்பும் வழி நெடுகிலும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

மே 1, பெரிய புதன், ஏதென்ஸ்

மாதத்தின் முதல் நாள் என்பதால் எல்லோரும் ஒருவருக்கொருவர் "கலோ மினா", நல்ல மாதமாகட்டும் என்கிறார்கள். ரொட்டிக்கடைப் பெண், மின்தூக்கியில் வந்த அண்டை வீட்டார், காப்பி கொண்டுவந்த பையன் என்று யாரையும் நான் முந்த முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் "கலி எவ்தோமாதா", மதியத்தில் "கலோ மெசிமெரி" என்று ஒவ்வொரு காலப் பிரிவின் தொடக்கத்துக்கும் ஒரு வாழ்த்து இருக்கிறது. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்தபோது நிலைக்காதவை, உரிய நாளில் பத்துப் பேர் வாயால் கேட்டதும் நிலைத்துவிட்டன.

மே முதல் நாளில் பூக்களை வளையமாகக் கட்டி வாசலில் மாட்டுவது வழக்கம். புனித வாரத்தில் விழுந்ததால் தொழிலாளர் நாள் விடுமுறையை இந்த ஆண்டு மே 7க்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பூவளையங்கள் இன்றே வாசல்களில் ஏறிவிட்டன.

பிற்பகலில் தெற்கே கடலோரம் உள்ள லெயோனிதியோ என்னும் ஊருக்குப் புறப்பட வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பையோடு சென்று சேர்ந்தால், என் இருக்கை எண்ணிலேயே இன்னொருவருக்கும் சீட்டு கொடுத்திருந்தார்கள். ஈஸ்டருக்கு ஊர் திரும்பும் கூட்டத்தில் வேறு இடமே இல்லை. சீட்டு அலுவலர் குரலை உயர்த்தியபோது, வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர் எனக்காகப் பேச முன்வந்தார். வேகமான அந்த வாக்குவாதத்தில் எனக்கு விளங்கியது "க்ஸெனி", அந்நியப் பெண் என்ற ஒன்றுதான். அதை அவர் என் பக்கத்து நியாயமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் வண்டியில் இடம் கிடைத்தது. பை சுமந்து கிப்ஸெலிக்குத் திரும்பியபோது இரவாகிவிட்டது. அம்மையார் சூடாக அவரைச் சாறு வைத்திருந்தார்.

மே 2, பெரிய வியாழன், லெயோனிதியோ

பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், ஆஸ்த்ரோஸ் என்னும் ஊரைத் தாண்டியதும் சாலை கடலுக்கு மேலே வளைந்து வளைந்து போகிறது. தலை சுற்றியது. முன் இருக்கைப் பெண் கேட்காமலேயே ஓர் எலுமிச்சம்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தார். சிவந்த செங்குத்துப் பாறைகளின் அடியில் வெள்ளை வீடுகளாக லெயோனிதியோ தெரிந்ததும் வண்டியிலிருந்த பலர் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்கள்.

ஊருக்குள் கிரேக்கத்திலும் இன்னொரு மொழியிலும் எழுதிய பலகைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, எங்கள் மொழி ட்சகோனியம், பேசிக் காட்டும்படி எங்களிடம் கேளுங்கள் என்று வருகிறவர்களை அழைக்கிறது. இன்றைய கிரேக்கப் பேச்சுவகைகள் ஏறக்குறைய அனைத்தும் அலெக்சாந்தர் காலத்துக்குப் பின் பரவிய பொதுக் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ட்சகோனியம் மட்டும் பண்டைய ஸ்பார்ட்டா நாட்டின் தோரியப் பேச்சிலிருந்து இறங்கி வந்தது. யுனெஸ்கோ இதை மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள மொழியாக வகைப்படுத்தியிருக்கிறது.

பலகை சொன்னபடியே நான் கேட்டேன். தங்கிய வீட்டின் பெரியவர் "கவூர் எகானதே", நல்வரவு, என்று தொடங்கினார். நாள் என்பதற்கு மற்றக் கிரேக்கர்கள் மேரா என்பார்கள், நாங்கள் அமேரா என்போம் என்றார். பழைய தோரியத்தின் நெடிய ஆகாரம் அந்தச் சொல்லில் இன்னும் நிற்கிறது. தாம் சிறுவனாக இருந்தபோது இந்த மொழியைப் பேசியதற்காக ஆசிரியர் கண்டித்ததையும், பிறகு தம் பிள்ளைகளோடு அதைப் பேசாமலே விட்டுவிட்டதையும் சொன்னார். எண்பதைக் கடந்த அவரும் அவருடைய தமக்கையும் மட்டும் இன்றும் தங்களுக்குள் அதில்தான் பேசிக்கொள்கிறார்கள். திண்ணையில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அரை மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். கிரேக்கம் கற்க வந்தவளுக்கு அது விளங்கவில்லை; ஏதென்ஸிலிருந்து வந்திருந்த அவர்களுடைய பேத்திக்கும் விளங்கவில்லை.

சமையலறையில் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். பெரிய வியாழன்தான் அதற்குரிய நாள். வெங்காயத் தோலை வேகவைத்து வினிகர் சேர்த்தால் செங்காவி நிறம் கிடைக்கிறது. சூட்டோடு எடுத்து ஆலிவ் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கும் வேலை எனக்கு. நிறம், துணி, எண்ணெய், சூடு, மெதுவாக, விழாமல் பிடி என்று கைவேலையோடு வந்த சொற்கள் எல்லாம் ஒரே மாலையில் படிந்துவிட்டன. இரவில் கோவிலில் பன்னிரண்டு நற்செய்திப் பகுதிகளைப் படித்தார்கள். அது முடிந்தபின் பெண்கள் தங்கி, கிறிஸ்துவின் உடலைக் குறிக்கும் துணியை வைக்கும் எபிதாஃபியோஸ் என்னும் மரச்சப்பரத்தைப் பூக்களால் மூடத் தொடங்கினார்கள். எனக்கும் ஊசியும் நூலும் கிடைத்தன. பூத்தொடுக்கும் விரல்களைக் கண்டு, இதை எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் நாள்தோறும் செய்வது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு மொழி இருந்தது. சரத்தை நாரில் முடிபோட்டுக் கட்டும் நம் முறையை இருவர் என்னிடம் கற்றுக்கொண்டார்கள். நள்ளிரவைத் தாண்டித்தான் வீடு திரும்பினேன்.

மே 3, பெரிய வெள்ளி

காலையிலிருந்தே துக்க மணி ஒலித்தது; கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. மதியத்துக்கு வினிகர் ஊற்றிய பருப்புச் சாறு மட்டுமே. சிலுவையில் கிறிஸ்துவுக்குக் கொடுத்த காடியின் நினைவாக அந்த வினிகர் என்று வீட்டு அம்மா விளக்கினார்.

இரவில் சப்பரம் தெருக்களில் வந்தது. புலம்பல் பாடல்களை ஊரே சேர்ந்து பாடுகிறது. கிறிஸ்துவை அன்னை என் இனிய இளவேனிலே என்று விளித்து அழும் அடி ஒன்று அவற்றில் வருகிறது. அதில் வசந்தத்துக்கு வரும் எயார் என்ற பழஞ்சொல்லைப் பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை. இன்றைய சொல் ஆனிக்ஸி. ஆனால் அந்த அடியைப் பாடும்போது சிறுவர்கள்கூடத் தடுமாறவில்லை. ஏட்டில் இறந்துபோனதாக எழுதிவிடக்கூடிய ஒரு மொழிநடை, ஆண்டுக்கு ஓர் இரவு, ஆயிரம் வாய்களில் தெருவில் நடந்து போவதை நான் கண்ணால் கண்டேன். எதிர்வரும் சப்பரத்துக்கு வழிவிட்டு நின்றபோது யாரோ என் கையிலிருந்த அணைந்த மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுப் போனார். இன்றிலிருந்து விடைபெறும்போது "கலி அனாஸ்தாசி", நல்லுயிர்ப்பு ஆகட்டும், என்றே சொன்னார்கள்.

மே 4, பெரிய சனி

எருசலேமின் கல்லறைக் கோவிலில் ஏற்றிய தீயை விமானத்தில் ஏதென்ஸுக்குக் கொண்டுவந்து, ஒரு நாட்டின் தலைவருக்குரிய மரியாதையோடு வரவேற்று, ஊர் ஊராக அனுப்புகிறார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் கோவில் விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தார்கள். குருவானவர் ஒற்றைத் தீயோடு வெளிப்பட்டு "தெஃப்தே லாவெதே ஃபோஸ்", வந்து ஒளியைப் பெறுங்கள், என்று பழைய மொழியில் பாடினார். என் அருகில் இருந்த தாய் தன் மகனிடம் "எலா, பாரே ஃபோஸ்" என்று அதையே இன்றைய மொழியில் சொல்லி முன்னே தள்ளினார். இரு கிரேக்கங்களும் ஒரே நொடியில், ஒரே தீக்காகப் பேசிய அந்த இடத்தில் நிற்க வாய்த்ததற்காகவே இந்தப் பயணம் எனக்குத் தகும்.

பன்னிரண்டு மணிக்கு "ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி" என்று முழக்கம் எழுந்தது, கிறிஸ்து உயிர்த்தார். "அலிதோஸ் அனேஸ்தி", மெய்யாகவே உயிர்த்தார், என்பது மறுமொழி. அதே நேரத்தில் ஊரின் ஒவ்வொரு கோவில் பங்கினரும் தாங்கள் செய்த தாள் பலூன்களைத் தீயேற்றி வானில் விட்டார்கள். லெயோனிதியோவின் இந்த வழக்கம் நாடு முழுவதும் பெயர் பெற்றது. சூடான காற்று நிறையும் வரை நான்கைந்து இளைஞர்கள் விளிம்பைப் பிடித்து நிற்க, எந்தப் பங்கின் பலூன் உயரப் போகிறது என்று போட்டி. "ஸிகா, ஸிகா", மெல்ல, மெல்ல, என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டே இருந்தார். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மரத்தில் சிக்கி எரிந்தது, யாருக்கும் காயமில்லை. மற்றவை செம்பாறைகளுக்கும் மேலே ஏறிச் சென்றன. வெடிச் சத்தத்தில் என் காது நெடுநேரம் அடைத்திருந்தது.

தீயை அணையாமல் வீடு வரை கொண்டுவந்தோம். பெரியவர் அந்த மெழுகுவத்தியின் புகையால் வாசல் நிலையின் மேற்கட்டையில் சிலுவை வரைந்தார். நோன்பு முடிக்கும் மயிரித்ஸா சாறு ஆட்டின் குடல், ஈரல் முதலியவற்றால் ஆனது. "தென் த்ரோ க்ரேயாஸ்", நான் இறைச்சி உண்பதில்லை, என்று சொன்னதும் ஒரு கணம் மேசை அமைதியாயிற்று. அடுத்த கணமே வீட்டு அம்மா எழுந்து, காளானும் வெந்தயக்கீரை போன்ற சோயிக்கீரையும் போட்டு எலுமிச்சை பிழிந்த தனிச் சாறு ஒன்றை அடுப்பிலிருந்து எடுத்து வைத்தார். வியாழனன்றே என் உணவு வழக்கத்தைப் பேத்தியிடம் விசாரித்து வைத்திருக்கிறார். "எஃப்ஹரிஸ்தோ" என்று நன்றி சொல்வதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.

மே 5, ஈஸ்டர் ஞாயிறு

காலை ஏழு மணிக்கே தெரு முழுவதும் கரிப்புகை. வீட்டுக்கு வீடு முற்றத்தில் முழு ஆட்டைக் கம்பியில் கோத்துச் சுழற்றுகிறார்கள். நான் தள்ளியே அமர்ந்தேன். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பாலாடைக்கட்டி அடையும், கீரையும், இவ்வூரின் நீண்ட, ஊதாக் கோடுகள் ஓடும் கத்தரிக்காயைப் பாகில் ஊறவைத்த இனிப்பும் வந்தன. ட்சகோனியக் கத்தரிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெயர் உண்டு. கசப்பே இல்லாத அந்தக் காயை இனிப்பாக்கலாம் என்று நான் அதுவரை எண்ணியதில்லை.

சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோதி, உடையாத முட்டைக்காரருக்கு ஆண்டு முழுவதும் நற்பேறு என்று விளையாடினார்கள். மோதும்போது ஒருவர் ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி என்கிறார். மற்றவர் மறுமொழி சொல்கிறார். தெருவில் போன முன்பின் தெரியாதவர்களையும் உள்ளே அழைத்து ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் திராட்சை மதுவும் கொடுத்தார்கள்.

மே 6, திங்கள்

புனித ஜார்ஜின் திருநாள் ஏப்ரல் 23. ஆனால் அது தவக்காலத்தில் விழும் ஆண்டுகளில் ஈஸ்டருக்கு மறுநாளுக்கு மாறிவிடும். ஆகவே கிரேக்கத்தின் எண்ணற்ற யோர்கோஸ்களுக்கும் யோர்கியாக்களுக்கும் இன்று பெயர்த்திருநாள். பலருக்குப் பிறந்தநாளைவிட இது முக்கியம். பெரியவரின் பேரன்களில் ஒருவன் யோர்கோஸ். தொலைபேசி ஓயவில்லை. கொண்டாடுகிறவர்தான் வருகிறவர்களுக்கு இனிப்பு தர வேண்டும். எல்லோரும் சொல்வது "ஹ்ரோனியா பொலா", பல்லாண்டு வாழ்க.

அழைக்கும்போது மட்டும் யோர்கோஸ் என்ற பெயர் இறுதி மெய் நீங்கி "யோர்கோ" ஆகிவிடுகிறது. விளி வேற்றுமையை எட்டாவதாக வைத்துப் படித்த நமக்கு அதன் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஈறு கெட்டு விளியேற்கும் பெயர்கள் தமிழிலும் உண்டு. காலை முதல் மாலை வரை அந்த ஒரு பெயரை எழுவாயாகவும் விளியாகவும் உடைமையாகவும் கேட்டதில், பாடநூலின் அட்டவணை தானாகவே மனத்தில் அமர்ந்தது.

மே 8, புதன், ஏதென்ஸ்

திரும்பும் வண்டியில் சிக்கல் எதுவும் இல்லை. கிப்ஸெலி ரொட்டிக்கடையில் கலிமேரா என்று நுழைந்தேன். அந்தப் பெண் ஹ்ரிஸ்தோஸ் அனேஸ்தி என்று வரவேற்றார். உயிர்ப்பு நாளிலிருந்து விண்ணேற்றம் வரை, இந்த ஆண்டு ஜூன் 13 வரை, வணக்கத்துக்குப் பதிலாக இதைச் சொல்கிறவர்கள் உண்டாம். நான் மறுமொழி சொன்னேன். முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பின்னலாகச் சுட்ட, மாஸ்திகா என்னும் மரப்பிசின் மணக்கும் மீதித் த்ஸூரேகி ரொட்டியைப் பாதி விலைக்கு, ஆறு யூரோவுக்குக் கொடுத்தார்.

வீட்டு அம்மையார் என் குறிப்பேட்டை வாங்கி, ஆண்டு முழுவதற்குமான பெயர்த்திருநாள்களைத் தம் கையால் எழுதித் தந்தார். மே 21 கான்ஸ்தாந்தினோஸ், எலேனி. ஆகஸ்ட் 15 மரியா. அக்டோபர் 26 திமித்ரிஸ். டிசம்பர் 6 நிகோலாஸ். அவர் பெயர் அந்தப் பட்டியலில் முதல் வரியிலேயே இருக்கிறது. மே 21 காலையில் நான் தொலைபேசியில் அழைத்தே ஆக வேண்டும் என்றும், ஆங்கிலத்தில் பேசினால் எடுக்கமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார்.